துட்டி வீட்டுத் தெருவில் மைக் போடுவதில்லை

“அந்த மைக்காரர் செத்துட்டாவளா, இல்ல எங்கேயும் போயிட்டாவளா?”

ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள். பதில் வேண்டும் என்று கேட்டதில்லை. வரிசை நகராத நேரத்தில் வாய் எதையாவது மெல்ல வேண்டுமே, அதற்காகக் கேட்டது. “தெரியலயே மைனி, யாரும் சொல்லலியே” என்று மற்றவள் சொல்ல, பேச்சு பாமாயிலுக்குத் தாவிவிட்டது.

இரண்டு ஆள் பின்னால் நின்ற இன்பவல்லிக்குக் காது மடல் சுட்டது. கையிலிருந்த குடும்ப அட்டையைக் குனிந்து பார்த்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் அப்பா தவசிக்கனி, படம் எடுத்தவன் சிரிக்கச் சொல்லியும் சிரிக்காத முகத்தோடு, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் அட்டையில் இருந்ததால் அவருடைய பங்கு அரிசியும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அம்மாவும் அவளும் அதைப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் கடைக்காரர். அம்மாவுக்கு விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட வேண்டுமென்றால் அதே சான்றிதழ் வேண்டும் என்றார் கிராம நிர்வாக அலுவலர். சான்றிதழ் வேண்டுமென்றால் பேரூராட்சி அலுவலகத்தின் இறப்புப் பதிவு ஜன்னலுக்குப் போய்த் தேடல் மனு கொடுக்க வேண்டும். அந்த ஜன்னலுக்குத்தான் அவள் இத்தனை நாளும் போகாமல் இருந்தாள்.

தேரிக்கரையில் அந்த ஜன்னலைப் பற்றி அறியாதவர் கிடையாது. பேரூராட்சிக்குப் புதுக் கட்டடம் கட்டி, பழைய பதிவேடுகளை டிராக்டரில் ஏற்றிவந்து அடுக்கிய வருடத்திலிருந்து, அங்கே யார் பெயரைச் சொல்லித் தேடல் மனு கொடுக்கிறார்களோ அந்த இறந்தவருடைய குரல் மனு கொடுத்தவருக்கு வந்துவிடும். பதிவு கிடைத்து, சான்றிதழில் முத்திரை விழும்வரை அந்தக் குரலில்தான் அவர் பேசியாக வேண்டும். முத்திரை விழுந்ததும் அது போய்ச் சொந்தக் குரல் திரும்பும். முதலில் இது தையற்காரர் சவரிமுத்துவுக்கு நடந்தது. தாயாரின் பதிவுக்கு மனுக் கொடுத்துவிட்டு எதிர்க் கடையில் டீ சொன்னார், கிழவியின் குரல் வந்தது. டீக்கடைக்காரர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த அம்மாளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு நன்றாக ஆற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் ஊர் பட்ட ஆச்சரியம்.

செயல் அலுவலர் மட்டும் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, இந்த நிலையில் என்ன செய்வது என்று கேட்டார். முந்தைய கடிதத்தின் எண்ணைக் குறிப்பிடவும் என்று பதில் வந்தது. முந்தைய கடிதம் என்று ஒன்று இல்லாததால் அவர் அதோடு விட்டுவிட்டார்.

ஊர் அதற்கென்று மரியாதைகளை உண்டாக்கிக்கொண்டது. தேடுகிறவர் போனை எடுத்தால் முதலில் “நான் தேடுறேன்” என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு நெஞ்சடைத்துப்போகும். தேடுகிறவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர் வாயால் இறந்தவரின் பழைய பாக்கிகளைக் கிளறக் கூடாது. பேருந்தில் தாவணி போட்ட பெண் கட்டைக் குரலில் டிக்கெட் கேட்டால் நடத்துனர் பேசாமல் கிழித்துக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது மட்டும், “சீக்கிரம் கிடைக்கட்டும்மா” என்பார். போலீஸ்காரர் ஒருவர், பிறந்து சில நாளில் இறந்துபோன தன் பிள்ளையின் பதிவைத் தேடினார். அந்தப் பிள்ளை பேசப் பழகியிருக்கவில்லை, ஆகவே சான்றிதழ் வரும்வரை அவருக்கு அழுகை தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. சந்தையில் அவரைக் கண்ட பெண்கள் இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வழிவிட்டார்கள்.

குரலைச் சீக்கிரம் விட மனமில்லாதவர்களும் இருந்தார்கள். ஒரு மருமகள் மாமியாரின் பதிவைத் தேடியபோது, அத்தனை நாளும் அவள் புருசன் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான். அவள் வேண்டுமென்றே வருடத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து இன்னும் பலரும் ஊரை மாற்றி, மாதத்தை மாற்றி எழுத ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் ஜெயக்கொடிக்கு அது பெரிய தலைவலியாகிவிட்டது. “புருசன் செத்த வருசத்த மறக்குற பொண்டாட்டிமாரை நான் இந்த ஊர்லதான் பாக்கேன்” என்று அவள் பொதுவாகச் சொல்வாள்.

எல்லாருக்கும் வந்துபோகிற குரல்தான். ஆனால் இன்பவல்லிக்கு வரவேண்டியது அவள் அப்பாவின் குரல், அது ஊருக்கே தெரிந்த குரல்.

தவசிக்கனி துட்டி சொல்கிறவராக இருந்தார். தேரிக்கரையில் யார் இறந்தாலும், மாசானத்தின் ஆட்டோவில் மைக்கோடு பின்சீட்டில் உட்கார்ந்து, தெருத்தெருவாகப் போய் அந்தச் செய்தியைச் சொல்வார். மைக்கில் வராத சாவு அந்த ஊரில் சாவாகாது. கண்ணால் பார்த்தவர்கள்கூட அவர் சொல்லட்டும் என்று அழுகையைப் பாதியில் நிறுத்திவைத்திருப்பார்கள். மணல்மேட்டுக் காற்றில் பனைமட்டை உரசுகிற மாதிரி கரகரப்பான, அவசரமில்லாத குரல் அது. அது கேட்டதும் உரலில் இடிக்கிறவள் உலக்கையை நிறுத்துவாள், தராசு பிடித்தவன் தராசை இறக்குவான், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். பெயர் வரும்வரை யாரும் அசையமாட்டார்கள்.

அவருக்கு இரண்டு கட்டுப்பாடுகள். துட்டி வீட்டுத் தெருவுக்குள் மைக் போடமாட்டார். தெரிந்தவர்களுக்கு எதற்குத் திரும்பச் சொல்வது, அது புண்ணில் குத்துவது என்பார். தெருமுனை வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, மாசானத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார், ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பும். இன்னொன்று, உறவு முறையில் ஒரு பெயரைக்கூட விடமாட்டார். அரிசி ஆலைக்காரர் இறந்தபோது, வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன மகளின் பெயரைச் சொல்லக் கூடாது என்று மூத்த மகன் வாசலில் மறித்துச் சொன்னான். தலையை ஆட்டிவிட்டு வந்த தவசிக்கனி, முதல் தெருவிலேயே அந்தப் பெண்ணின் பெயரைத்தான் முதலில் சொன்னார். கேட்டவர்களிடம், “துட்டியில ஒரு பேர விட்டா, அது ரெண்டு சாவுல்லா” என்றார்.

இந்தக் குரலின் மகளாக வளர்வது இன்பவல்லிக்குச் சுலபமாக இருக்கவில்லை. அவள் வகுப்பறைக்குள் நுழைந்தால் பின்பெஞ்சிலிருந்து, “யாரு போயிட்டாவ?” என்று ஒரு குரல் வரும். உடம்புக்கு முடியாதவர்கள் இருந்த வீடுகளில், அவள் உறைமோர் கேட்டுப் போய் நின்றால், கதவைத் திறந்தவளின் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு மோர் வரும். யாரும் அவளை ஏசியதில்லை. அந்த ஒரு கணம் போதும். அவள் தன் குரலைச் சுருக்கிச் சுருக்கி, பக்கத்தில் இருப்பவர் இருமுறை கேட்டால்தான் விளங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மேல்படிப்புக்கு நகரத்துக்குப் போனபோது, அப்பா வளைகுடாவில் மேற்பார்வையாளராக இருக்கிறார் என்று விடுதியில் சொன்னாள். அது மட்டும் எல்லாருக்கும் முதல்முறையே விளங்கிற்று.

ஆகையால் ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்குப் போய், அரிசியை டின்னில் கொட்டிவிட்டு, அதில் எது அவருடைய பங்கு என்று பார்ப்பவளைப்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள் என்றால், அது அவளுக்கு லேசான காரியம் இல்லை. தனியார் பள்ளி ஒன்றில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

ஜெயக்கொடி மனுவை வாங்கிப் பார்த்தாள். இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, இறந்த நாள், இறந்த இடம், மனுதாரருக்கு என்ன உறவு.

“இறந்தது நகரத்துப் பெரியாஸ்பத்திரியிலா? சாவு எங்க நடந்துச்சோ அங்கதாம்மா பதிவு. இந்த ஊர்க்காரர்ங்கிறதுக்காக இங்க வந்து உக்காந்திருக்காது. நான் இங்கயிருந்து கம்ப்யூட்டர்ல தேடுறேன், இல்லேன்னா அங்க எழுதிக் கேக்கேன். தேதி சரிதானே?”

“சரிதான்” என்று இன்பவல்லி சொன்னாள்.

அலுவலகத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வரி கட்ட வந்தவர்கள், குடிநீர்ப் பிரிவுக்காரர், நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்த காவலாளி எல்லாரும் எழுந்து, கையிலிருந்ததைக் கீழே வைத்து, பெயருக்காகக் காத்திருந்தார்கள். ஜெயக்கொடியும் எழுந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒல்லிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தபிறகுதான் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

சாகும்போது தவசிக்கனிக்குக் குரல் இல்லை. தொண்டையில் வந்த கட்டி கடைசி ஏழெட்டு மாதம் அவரிடமிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. மாசானம் ஆட்டோவில் கோலமாவு விற்கப் போய்விட்டான். ஊர் தன் சாவுகளைக் கைபேசியிலும் ஃபிளெக்சிலும் அறிவிக்கப் பழகிக்கொண்டது. மகளுக்கு வந்த குரலோ நோய்க்கு முந்தியது, முழுசானது, ஊதுகுழாய் ஒலிபெருக்கி இல்லாமலே நாலு வீடு கேட்கும்.

சந்தையில் அவள் அரைக் கிலோ தக்காளி கேட்டாள். சந்தை அப்படியே நின்றது. மீன் வெட்டுகிற கத்தி நின்றது, பேரம் நின்றது, ஐஸ்காரன் மணியைப் பிடித்து நிறுத்தினான். அவள் முகம் சிவக்கத் தக்காளியைப் பொறுக்கி, விலையைக் கொடுத்துவிட்டு நடந்தபிறகும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை, குரல் வந்துவிட்டது, பெயர் இன்னும் வரவில்லையே. பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறந்ததும் மூன்றாம் வகுப்பு எழுந்து நின்றது. அவர்கள் அந்தக் குரலுக்கு வீட்டில் எழுந்து நின்று பழகிய பிள்ளைகள். “மிஸ், யாரு மிஸ்?” என்று முதல் வரிசைச் சிறுமி மெதுவாகக் கேட்டாள். பெருக்கல் வாய்ப்பாடு என்று அவள் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்.

தேரிக்கரை எத்தனையோ குரல்களைப் பொறுத்துக்கொண்ட ஊர். இதை மட்டும் அதனால் பொறுக்க முடியவில்லை. தும்மல் வந்து வராமல் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. படுக்கையில் கிடந்த நோயாளிகள் தெருவில் அவள் பேச்சுக் கேட்டால் தங்கள் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரு மனிதர் அவளை மளிகைக்கடையில் வழிமறித்து, “ஏளா, யாருன்னு சொல்லித் தொலையேன். ஊரே பாதியில நிக்குல்லா” என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். தேடல் மனுவில் இருப்பது யார் பெயர் என்று கேட்கக் கூடாது என்பது ஊர் மரியாதை, ஆகவே அவர் அதைக் கேட்கவில்லை. குரலுக்குச் சொந்தக்காரர் எவருடைய சாவையோ சொல்லத்தான் அவளை அனுப்பியிருக்கிறார் என்றே எல்லாரும் எண்ணினார்கள். அந்தச் சாவு அவருடையதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் சாவை அவர் சொல்லவில்லையே.

வீட்டில் அம்மா சொர்ணம் ஒருத்தி மட்டும் இதில் சந்தோசப்பட்டாள். இடுப்பு ஒடிந்து, படுக்கையிலிருந்து சுவரைப் பிடித்து வாசற்படிவரை வரப் பழகியிருந்தவள், மகள் முதல்நாள் வந்து “அம்மா” என்று கூப்பிட்டதும் சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு நடந்துவிட்டாள். பிறகு தினமும், “என்னத்தையாவது பேசுட்டி, செய்தித்தாளப் படி” என்பாள். இன்பவல்லி படிப்பாள். மின்தடை அறிவிப்பையும் தங்கம் விலையையும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில வரிகளுக்கு வெட்கப்பட்டுச் சிரிப்பாள். சிலதுக்கு, “ஆமா, பெரிய இவரு” என்பாள். அந்த நேரத்தில் அவள் பேசுவது மகளிடம் இல்லை.

தேடிய பதிவு கிடைக்கவில்லை. ஜெயக்கொடி கம்ப்யூட்டரில் பார்த்தாள், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள், நகரத்துக்கு எழுதியும் கேட்டாள். அந்தத் தேதியில், அந்த ஆஸ்பத்திரியில், தவசிக்கனி என்று யாரும் இறக்கவில்லை என்று பதில் வந்தது.

“எனக்குப் பிடிபடல” என்றாள் ஜெயக்கொடி. “ஆஸ்பத்திரிச் சாவு பதியாம இருக்காது. ஒண்ணு நீ தேதிய மாத்திச் சொல்லுத. அந்தக் குரல் வேணும்னு வச்சுக்கிடுதியோ என்னமோ, அது உன் பாடு. இல்ல, அங்க பேர் மாறிப் பதிஞ்சிருக்கும். பேர் மாறியிருந்தா, எந்தப் பேர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சு, ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஊர்ல நாலு பேர் சாட்சி சொல்லணும். பதிவே இல்லேன்னாலும் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கிப் புதுசா பதியலாம். அதுக்கும் ஊர் விசாரணை உண்டு. அவரு செத்தது ஊருக்குத் தெரியும்லா?”

இன்பவல்லி மனு நகலை வாங்கி மடித்துக்கொண்டாள். அந்தக் குரலில் பதில் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. பதிவு எந்தப் பெயரில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் அவள் விடுதியில் இருந்தபோது, தனியாக மருந்து வாங்க நகரத்துக்கு வந்த இடத்தில் அப்பாவுக்கு மூச்சு முட்டி, யாரோ ஆம்புலன்சில் கொண்டுவந்து பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். கைபேசியில் அவள் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள். விடுதித் தோழி சங்கமித்ரா, தனியாகப் போகிறாளே என்று பாவப்பட்டுப் பின்னாலேயே வேறு ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள், நல்ல பிள்ளை, ஃபிளாஸ்க்கில் கஞ்சிகூட வாங்கிவந்திருந்தாள். அவள் வந்து தோளைத் தொட்ட அதே நேரத்தில் நர்ஸ் காகிதத்தோடு வந்து, நோயாளி பெயர் என்ன, நீங்க இவருக்கு யார் என்று கேட்டார். தொண்டையில் குழாயோடு, அழுக்குக் கைலியில், கால் நகமெல்லாம் செம்மணல் ஏறிய அந்த மனிதர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சங்கமித்ராவுக்குத் தவசிக்கனி என்ற பெயர் தெரியும். வருகைப் பதிவில் இன்பவல்லி தவசிக்கனி என்று தினமும் கேட்கிற பெயர். வளைகுடாவில் இருக்கும் மேற்பார்வையாளரின் பெயர்.

“சின்னத்துரை” என்று இன்பவல்லி சொன்னாள். “எங்க ஊர்க்காரர்.”

நர்ஸ் அவரைப் பார்த்தார். தவசிக்கனி மகளைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அதன்பிறகு உயிரோடு இருந்த கொஞ்ச நாளும், சின்னத்துரை என்று கூப்பிட்டபோதெல்லாம் அவர் கையைத் தூக்கிக் காட்டினார். இறந்தபிறகு அந்தப் பெயர் காகிதம் காகிதமாக நடந்து பிணவறைக்குப் போயிற்று, மின்மயானத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு மேசையிலும் நீங்க யாரு என்று கேட்டார்கள். ஒருமுறை சொல்லிவிட்டதை அடுத்த மேசையில் மாற்றிச் சொல்லக் கூசி, அவள் ஒவ்வொரு மேசையிலும் ஊர்க்காரர் என்றாள். ஊர்க்காரியாகக் கையெழுத்துப் போட்டு, ஊர்க்காரியாகச் சாம்பலை வாங்கி, ஆற்றில் விட்டாள். படுக்கையில் கிடந்த அம்மாவிடம், உடம்பை அவ்வளவு தூரம் கொண்டுவரக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்றாள். “யாருக்குச் சொல்லட்டும், சொல்லுறவியளே போயிட்டாவளே” என்று அம்மா அழுதாள். சத்தம் வேண்டாம்மா என்று அவள் கெஞ்சினாள். அண்டை வீட்டுக்காரிகள் ஒன்றிரண்டு பேர் காதோடு அறிந்தார்கள், அப்படியே மறந்தும்போனார்கள், மைக்கில் வராத சாவு அல்லவா.

பதிவு இல்லை என்று தெரிந்த அன்று இன்பவல்லி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொர்ணம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்பவல்லி தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“நான் ஒரு தப்பு செஞ்சுட்டேன். ஆஸ்பத்திரியில வச்சு. உன்ட்ட மறச்சுட்டேன்.”

சொர்ணத்தின் கை கீரையில் நின்றது. அவள் மகளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீங்க என்ன தப்பு செஞ்சிய” என்றாள், மிகவும் மெதுவாக. “பேச்சு இல்லாமக் கிடந்த மனுசன் என்ன தப்பு செய்ய முடியும். எதுவா இருந்தாலும் நான் மனசுல வைக்கல. போட்டும், விடுங்க.”

இன்பவல்லி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் உன்ன, என்று ஆரம்பித்தால் அதுவும் அவர் சொன்னதாகும். நான் பொய் சொன்னேன் என்றால் பொய் சொன்னவர் அவராவார். அந்தக் குரலில் நான் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த வழியாகப் போனாலும் குற்றம் அவர் தலையில் போய் உட்கார்ந்தது, அம்மா அதை உடனுக்குடன் மன்னித்துக்கொண்டே இருந்தாள். எழுதிக் காட்டலாம் என்றால் சொர்ணத்துக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்துத் தெரியாது. முத்திரை விழுந்து சொந்தக் குரல் வரட்டும் என்றால், அந்தப் பெயரைச் சொல்லாமல் முத்திரை விழப்போவதில்லை. கீரைக்காம்புகளைக் கூட்டி அள்ளி முறத்தில் போட்டுவிட்டு அவள் எழுந்துவிட்டாள். தன் தப்புக்குத் தன் அப்பா மன்னிப்பு வாங்கியதை அவள் அன்றைக்குச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினாள், அது இறங்கவில்லை.

மைக்கில் அந்தக் குரல் அவள் கேட்டவரைக்கும் நான் என்று சொன்னதே இல்லை. அது மற்றவர்களின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிய குரல். இது அவளுக்கு மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் தோன்றிற்று, ஒருவர் பாடம் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது. பள்ளி விட்டு மணி அடித்ததும் நேரே மாசானத்தைத் தேடிப்போனாள். அவன் சந்தை முக்கில் கோலமாவு மூட்டைகளோடு ஆட்டோவை நிறுத்திக்கொண்டு பீடி பிடித்தான். ஆட்டோவின் மேலே பழைய ஊதுகுழாய் அப்படியே இருந்தது. கோலமாவுக்கு அது போதும் என்று விட்டுவைத்திருந்தான்.

“மாசானம் மாமா, ஒரு துட்டி சொல்லணும்” என்றாள்.

மாசானம் பீடியைப் போட்டுக் காலால் மிதித்தான். யார் என்று கேட்கவில்லை. தவசிக்கனி இருந்த காலத்திலும் அவன் கேட்டதில்லை, தெருவில் எல்லாரும் கேட்கும்போதுதான் அவனும் கேட்பான். மூட்டைகளை இறக்கிக் கடையோரம் வைத்துவிட்டு, சீட்டைத் துண்டால் தட்டினான்.

“எந்தத் தெருவுல தொடங்கணும்?”

“எங்க தெரு.”

அவன் திரும்பிப் பார்த்தான். “அண்ணாச்சி துட்டி வீட்டுத் தெருவுல போடமாட்டாவளே பிள்ள. அங்கதான் தெரிஞ்சிருக்குமே.”

“இந்த வீட்டுல தெரியாது.”

மாசானம் வண்டியைக் கிளப்பினான். ஆட்டோ சந்தையைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, பனங்காட்டை ஒட்டிய அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. மத்தியானத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு, மாவுக்காரன் என்று நினைத்து ஒருத்தி கிண்ணத்தோடு வந்தாள். சொர்ணமும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றாள். ஆட்டோ அவளுக்கு நேர் எதிரே நின்றது. இன்பவல்லி மைக்கை எடுத்தாள். அதில் கோலமாவுத் தூசி படிந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

“தேரிக்கரை பொதுமக்களுக்கு ஒரு துயரச் செய்தி.”

தெரு எழுந்து நின்றது. கிண்ணத்தோடு வந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நம் ஊர் சொர்ணத்தின் கணவரும், மைக்காரர் என்று உங்கள் எல்லாராலும் அழைக்கப்பட்டவருமான தவசிக்கனி அவர்கள், சென்ற வருடம் ஐப்பசி மாதத்தில், நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் காலமானார். அங்கே அவர் சின்னத்துரை என்ற பெயரில் இறந்தார். அது அவர் பெயரல்ல. அவர் மகள் இன்பவல்லி, தோழியின் முன்னால் தகப்பனை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக் கொடுத்த பெயர். நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டதற்கு, ஊர்க்காரர் என்று சொன்ன அந்த இன்பவல்லியின் தகப்பனார் ஆவார். உடம்பைக் கொண்டுவரக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அன்னாரின் தகனம், சொந்தம் என்று ஒருவரும் இல்லாமல் முடிந்துவிட்டது என்பதை, மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

சுவிட்சை அணைத்தபிறகும் ஊதுகுழாயில் கொஞ்ச நேரம் இரைச்சல் இருந்தது. நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். இன்பவல்லி மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசானம் முன்னால் திரும்பி, கைப்பிடியைப் பிடித்தபடி, போகலாமா என்று கேட்காமல் காத்திருந்தான்.

சொர்ணம் சுவரை விட்டாள். படியில் ஒரு காலை வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலை இறக்கினாள். தெருவைக் கடந்து வந்து, ஆட்டோவின் கம்பியைப் பற்றி, யாரும் கைகொடுக்க வருமுன் தானே ஏறி, மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலையை இழுத்து முழங்காலில் செருகிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, மாசானத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.